பூவரச இலையிலிருந்து சீவாளி வரை

பூவரச மரத்தடியில் விளையாடி வளர்ந்த பிள்ளைக்கு நாகசுரத்தின் அடிப்படை ஏற்கெனவே கைவந்திருக்கிறது. இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி, உதட்டில் பொருத்தி ஊதும்போது கிளம்பும் அந்தக் கரகரத்த சத்தமும், சுவாமி புறப்பாட்டில் நாகசுரத்தில் முழங்கும் மல்லாரியும் பிறக்கும் விதம் ஒன்றுதான். நெருங்கி நிற்கும் இரண்டு மெல்லிய இதழ்களுக்கு நடுவே காற்றைச் செலுத்துகிறோம். காற்று வேகமாகப் பாயும்போது இதழ்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டு மூடுகின்றன. மூடியதும் வாய்ப்பக்கம் அழுத்தம் ஏறி மறுபடி திறக்கின்றன. நொடிக்குச் சில நூறு தடவை இப்படி நடந்தால் காதுக்கு அது ஒரு சுரம்.

பதினான்கு, பதினைந்து வயதில் சிறுவயதை நினைத்துப் பார்க்கும் பிள்ளைகள் இந்தப் பீப்பியை முடிந்துபோன ஒரு விளையாட்டாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு இசை என்றால் கைப்பேசி, இல்லாவிட்டால் கீபோர்டு வகுப்பு. நடுவில் ஒரு படி விட்டுப்போகிறது. இலையில் தொடங்கிய பாடத்தை மேலே கொண்டுபோக ஒரு கருவியும், அதைச் செய்கிறவர்களும் வாசிக்கிறவர்களும், அதற்கு வேண்டிய நாணலும் மரமும் நம் ஊர்களிலேயே இருக்கும்போது அந்தப் படி விட்டுப்போகக் கூடாது.

முதலில் இலை. அதைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கிளை நுனியில் வெளிர்பச்சையாக இருக்கும் கொழுந்து துவண்டுவிடும். ஊதினால் இரண்டு ஓரமும் ஒட்டிக்கொண்டு காற்றே போகாது. பழுக்கத் தொடங்கிய இலை சுருட்டும்போதே வெடிக்கும். நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவதாக உள்ள, கரும்பச்சை நிறம் ஏறிய, உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத இலை சரியாக இருக்கும். பறிக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தையும் கிளையையும் பார்க்க வேண்டும். பூவரசில் கம்பளிப்பூச்சி அடைவது வழக்கம். அதன் மயிர் உதட்டில் பட்டால் அன்றைக்கு ஊதுவது அதோடு முடிந்தது. சாலையோர மரமாக இருந்தால் தூசும் புகையும் படிந்திருக்கும், கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டே வாயில் வைக்க வேண்டும்.

காம்பைக் கிள்ளிவிட்டு, நடுநரம்பு நேராக இருக்கும்படி இலையை உள்ளங்கையில் வைக்க வேண்டும். ஒரு பக்க ஓரத்திலிருந்து, நரம்புக்கு இணையாகச் சுருட்டத் தொடங்கலாம். முதல் சுற்று பென்சில் கனத்துக்கு இருந்தால் போதும். ஒரு முனையைக் கொஞ்சம் இறுக்கியும் மறுமுனையைத் தளர்த்தியும் சுருட்டினால் குழல் லேசான கூம்பாக வரும். அப்படி வந்தால்தான் சத்தம் விரியும். நடுநரம்பை எட்டும்போது, காம்புப் பக்கம் அது தடித்திருப்பதால், வளைய மறுக்கும். அங்கே நகத்தால் நரம்பின் முதுகை மெதுவாக நசுக்கிவிட்டால் இலை கிழியாமல் திரும்பும். முழுக்கச் சுருட்டி முடித்ததும், குறுகிய முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் தட்டையாக அமுக்க வேண்டும். வட்டமாக இருந்த வாய் ஒரு கீற்றாக மாறும். அந்தத் தட்டைப் பகுதி முழுவதும் உதட்டுக்குள் போகட்டும், பல் படக் கூடாது. பிறகு ஊதலாம்.

வெறும் காற்று மட்டும் வந்தால் கீற்று அகலமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் அமுக்க வேண்டும். காற்றே போகவில்லை என்றால் அதிகம் அமுங்கிவிட்டது. கீற்றின் இரண்டு ஓரங்களையும் உள்நோக்கித் தள்ளினால் வாய் திறக்கும். தொடக்கத்தில் நன்றாகப் பேசிவிட்டுத் திடீரென்று ஊமையானால் எச்சில் சேர்ந்து இதழ்களை ஒட்டியிருக்கிறது, உதறிவிட்டு மறுபடி ஊதலாம். எவ்வளவு ஊதினாலும் மெலிந்த சத்தமே வந்தால் சுருள் எங்கோ தளர்ந்து காற்று கசிகிறது. வாடிய இலையோடு போராட வேண்டாம், மரத்தில் வேறு இலை இருக்கிறது.

இதில் ஒரு பரிசோதனை உண்டு. அகன்ற முனையைக் கத்தரியால் அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக நறுக்கிக்கொண்டே ஊதிப் பார்த்தால் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நறுக்காமல் உதட்டை மட்டும் இறுக்கினால் அதைவிடத் தாராளமாக ஏறும். குழல் குட்டையாக இருக்கும்வரை இலையின் விறைப்புதான் சுருதியைத் தீர்மானிக்கிறது. குழல் நீண்டால் குழலுக்குள் நிற்கும் காற்றுத்தூண் தலைமையேற்று இதழ்களைத் தன் தாளத்துக்கு ஆடவைக்கிறது. நாகசுரத்துக்கு இரண்டரை அடி நீளம் எதற்கு என்பதற்கான விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

நீளத்தைச் சோதித்துப் பார்க்கத் தென்னை ஓலை நல்லது. ஓர் ஓலைக் கீற்றிலிருந்து ஈர்க்கை உருவிவிட்டு, பாதியை எடுத்து, நுனியிலிருந்து சுண்டுவிரல் கனத்தில் சாய்வாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதி அகலத்தை மூடினால் கூம்பு நீண்டுகொண்டே போகும், காற்றும் கசியாது. ஒரு கீற்று தீர்ந்தால் அடுத்ததைச் செருகிச் சுற்றலாம். கடைசிச் சுற்றை ஒரு கருவேல முள்ளால் குத்தி நிறுத்திவிட்டால் பிரியாது. குறுகிய வாயில், இரண்டாக மடித்த சிறு ஓலைத் துண்டைச் செருகினால் அதுதான் நாக்கு. நாகசுரத்தில் சீவாளி எனப்படும் இந்த ஊது நாக்கு கருவியிலிருந்து தனியாகப் பிரிந்து நிற்பது இந்தப் பீப்பியில்தான். நாக்குக் கெட்டால் நாக்கை மட்டும் மாற்றலாம், குழலைத் தொட வேண்டியதில்லை.

பப்பாளி இலைத் தண்டு வேறொரு பாடத்தை வைத்திருக்கிறது. இலைப் பக்கத்து முனை இயற்கையாகவே அடைத்திருக்கும்படி நறுக்கி, அந்த அடைப்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே தொடங்கி மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு நெடுக்காக ஒரு கீறல் போட வேண்டும். கீறல் முழுவதும் வாய்க்குள் போகும்படி வைத்து ஊதினால் அடித்தொண்டைச் சத்தம் வரும். தண்டின் உட்புறம் கூம்பாக இல்லாமல் ஒரே அகலமாக இருப்பதும், ஊதும் முனை மூடியிருப்பதும் இதற்குக் காரணம். கணக்குப்படி 30 சென்டிமீட்டர் தண்டில் ஏறத்தாழ 290 ஹெர்ட்ஸ், அதாவது இரண்டு கட்டைச் சுருதி கிடைக்கும். அதே நீளமுள்ள ஓலைக் கூம்பு அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 580 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலிக்கும். நடைமுறையில் வாய்க்குள் போகும் பகுதியும் நாக்கின் மென்மையும் இரண்டையும் கொஞ்சம் இறக்கிவிடும். ஆனால் ஸ்தாயி வேறுபாடு காதுக்கே தெரியும். அறிவியல் ஆசிரியர்கள் அதிர்வெண் பாடத்தைப் பலகையில் நடத்துவதற்குப் பதிலாகப் பள்ளித் தோட்டத்தில் நடத்தலாம். ஒன்று மட்டும் கவனம். பப்பாளிப் பால் வாயில் பட்டால் எரியும். நறுக்கிய தண்டைக் கழுவி, பால் வடிந்து நின்ற பிறகே ஊத வேண்டும்.

இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே அகலமான புல்லை விறைப்பாகப் பிடித்து ஊதுவது, மழையில் முளைத்த மாங்கொட்டையின் பருப்பைக் கல்லில் சாய்வாகத் தேய்த்து ஊதுவது என்று இந்தக் குடும்பம் இன்னும் பெரியது. ஆனால் எந்த இலையையும் எடுத்து வாயில் வைக்கலாம் என்று பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது. அரளி நஞ்சு. அதன் இலை, குச்சி, பூ எதுவும் வாயருகே போகக் கூடாது. ஊமத்தையும் எருக்கும் அப்படியே. மரத்தைப் பெயர் சொல்லித் தெரிந்துகொண்ட பிறகுதான் இலையைத் தொட வேண்டும் என்பது இந்த விளையாட்டின் முதல் விதி. அந்த விதியால் ஒரு பிள்ளை பத்து மரங்களைப் பெயரோடு கற்றுக்கொள்கிறது.

பூவரசுக்கு இன்னும் சில வரிகள் தர வேண்டும். பருத்தி, செம்பருத்தி குடும்பத்தைச் சேர்ந்த மரம் இது. காலையில் மஞ்சளாக மலரும் பூ, மாலைக்குள் செந்நிறமேறி ஊதாச் சாயலுக்கு வந்துவிடும். காய்களைக் காம்போடு தலைகீழாகச் சுழற்றினால் பம்பரம். மரத்தடியில் கூட்டமாக ஊரும் சிவப்புப் பூச்சிகள் விதைச் சாற்றுக்காக வந்தவை, பிள்ளைகளை ஒன்றும் செய்யாது. கடற்கரை உப்புக் காற்றையும் தாங்கும். விதையைவிடப் போத்து நட்டு வளர்ப்பதுதான் வழக்கம். மணிக்கட்டுக் கனத்தில், ஐந்தாறு அடி நீளத்தில், அடிமுனையைச் சாய்வாக வெட்டிய கிளையை, மழை தொடங்கும் சமயத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு, வெட்டிய மேல் நுனியில் ஈரம் காயாதிருக்கச் சாணியை அப்பிவிட்டால் துளிர்த்துவிடும். போத்து தலைகீழாக நடப்பட்டுவிடுவதும், மண்ணை இறுக மிதிக்காமல் காற்றில் ஆடவிடுவதும்தான் அது பட்டுப்போகப் பெரும்பாலும் காரணம். ஆடும் போத்தில் புதிதாக விட்ட வேர் அறுந்துவிடும். யாழ்ப்பாணத்தில் இந்தப் போத்தைக் கதியால் என்பார்கள். பூவரசு, கிளுவை, முருங்கைக் கதியால்களை நிறுத்தி, இடையில் ஓலை அடைத்துக் கட்டிய வேலிகள்தான் அங்கே வீட்டு வளவுகளைப் பிரித்தன. தஞ்சைப் பக்கம் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் இதே மரம் நின்றது. வேலி இருந்த இடத்துக்குச் சுற்றுச்சுவர் வந்ததும் மரம் போனது. பூவரசு அழிந்துவரும் இனமில்லை, காடுகளில் தேட வேண்டிய அரிய மரமும் இல்லை. பிள்ளைகளின் கை எட்டும் இடத்திலிருந்து மட்டும் அது விலகிவிட்டது. நகரத்துப் பிள்ளைக்கு அந்த இழப்பு தெரியக்கூட வழியில்லை.

பீப்பி தந்த இதே மரம்தான் தவிலுக்கும் குச்சி தருகிறது. தவில்காரர் இடது கையில் பிடிக்கும் குட்டையான, கனத்த கழியைப் பூவரசில் கடைவது மரபு. வலது கை விரல்களுக்குக் கூடு போட்டுக்கொள்வார்கள். துணியில் மாவுப் பசை தடவி விரல் அளவுக்குச் சுற்றிக் காயவைத்தால் கூடு கல்லாக இறுகும். கூடு கொண்ட விரல்கள் வலப்பக்கத் தோல்முகமான வலந்தலையில், பூவரசங்கழி இடப்பக்கத் தோல்முகமான தொப்பியில், நடுவே குடைந்த பலாமரம். யாழ்ப்பாணத்து அளவெட்டியைச் சேர்ந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) இந்தக் கருவியில் காட்டிய வேகத்தையும் கணக்கையும் தஞ்சாவூர் வித்வான்களே வியந்து கேட்டார்கள். கதியால் வேலி நாட்டிலிருந்து வந்த கை அது.

இனி சீவாளி. மயிலாடுதுறை மாவட்டத்துத் திருவாவடுதுறை சீவாளிக்குப் பெயர்பெற்ற ஊர். காவிரி, கொள்ளிடக் கரைகளில் வளரும் கொறுக்கை என்ற நாணலின் தட்டைதான் இதன் மூலப்பொருள். முற்றிய தட்டையை அறுத்து, கணுக்களை நீக்கி, வேகவைத்து, வெயிலில் காயவைத்துப் பதப்படுத்துகிறார்கள். அவசரப்பட்டுப் பச்சைத் தட்டையில் செய்தால் நான்கு நாளில் சுருங்கி வாய் கோணிவிடும். பதமான தட்டையை அமுக்கிச் சப்பையாக்கி, விசிறி வடிவில் நறுக்கி, அடிப்பகுதியைக் குறுக்கி நூலால் இறுகக் கட்டி, வாய்ப்பகுதியை மெல்லியதாகச் சீவுகிறார்கள். அடிப்பகுதி கெண்டை என்ற சிறு உலோகக் குழாயில் ஏறும், கெண்டை நாகசுரத்தின் தலையில் செருகும். பூவரசப் பீப்பியில் விரலால் அமுக்கிச் செய்த அந்த ஒரு சென்டிமீட்டர் தட்டைப் பகுதிக்கு இங்கே இத்தனை நாள் வேலை நடக்கிறது.

ஒவ்வொரு சீவாளிக்கும் ஒவ்வொரு குணம். வாய் அகலமாகத் திறந்திருந்தால் நாதம் கனமாக வரும், மூச்சு அதிகம் கேட்கும். ஒடுங்கியிருந்தால் சுலபமாகப் பேசும், கொஞ்சம் அழுத்தினால் அடைத்துக்கொள்ளும். வாசிக்கும் முன் நனைத்து ஊறவைத்து, இரண்டு கட்டைவிரலால் பக்கங்களை அழுத்தி வாயைச் சரிசெய்வார்கள். வாசிப்பின் நடுவில் காய்ந்தால் சுருதி விலகும். குளிரூட்டிய மண்டபத்தில் இது சீக்கிரம் நடக்கும், கோயில் பிரகாரத்து இரவுப் பனியில் நேர்மாறாக ஈரம் கூடி மந்தமாகும். நாகசுரத்தில் கொத்தாகத் தொங்கும் நூலில் நான்கைந்து சீவாளிகளும், அவற்றின் வாயைத் திருத்த ஒரு குச்சியும் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்போம். அவை அலங்காரத்துக்குத் தொங்கவில்லை. அடுத்த பாட்டுக்கு எந்தச் சீவாளி என்பது வித்வான் ஒவ்வொரு நாளும் எடுக்கும் முடிவு.

திருவாவடுதுறைக்குப் பக்கத்தில், தஞ்சாவூர் மாவட்டத்து நரசிங்கம்பேட்டை. அங்கே செய்யும் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடல் ஆச்சா மரம். அதிலும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரமும் தூணும்தான் வேண்டும். பல பத்தாண்டு காய்ந்த கட்டையில் ஈரம் இருக்காது. புதுக் கட்டையில் துளையிட்டால் வாசிப்பவரின் மூச்சு ஈரம் உள்ளே போய், வெளியே வெயில் காய, இரண்டு இழுப்பிலும் கட்டை வெடிக்கும் அல்லது முறுக்கிக்கொண்டு துளைகளின் இடம் மாறும். கடைசல் இயந்திரத்தில் உருட்டி, உட்புறத்தைக் கூம்பாகக் குடைவதுதான் கடினமான கட்டம். மேலே குறுகியும் கீழே அகன்றும் போகும் அந்தச் சரிவு ஓர் இடத்தில் தவறினாலும் மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயியோடு சேராது. விரலுக்கு ஏழு துளை. கீழே ஐந்து துளை விரல் படாதவை. அவற்றில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதியைத் திருத்துகிறார்கள். அடியில் அணசு என்ற விரிந்த வாய், பெரும்பாலும் வாகை மரத்தில்.

குட்டையான, உயர்ந்த சுருதியுள்ள திமிரிதான் முன்பு பரவலாக இருந்தது. அதை நீட்டி, சுருதியை இறக்கிய பாரி நாகசுரத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). சுத்த மத்தியமம் என்ற சுரம் பிசகாமல் விழும் கருவியை அவருக்காகச் செய்து தந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. வாசித்தவருக்குக் கிடைத்த புகழில் கால்வாசியாவது செய்தவருக்கும் கிடைத்திருக்க வேண்டும். ராஜரத்தினத்தின் தோடி ராகத்தைப் பற்றிப் பேசாத ரசிகர் இல்லை. அந்தத் தோடியின் காந்தார சுரம் ஒரு பட்டறையின் உளி முனையையும் நம்பி நின்றது.

இவ்வளவும் இருந்தும், பதினைந்து வயதுப் பிள்ளையின் கோயில் நினைவில் நாகசுரம் ஏன் இல்லை? பல கோயில்களில் தீபாராதனை நேரத்தில் மோட்டார் ஓடுகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் சேகண்டியும் சேர்ந்து அடிக்கும் இயந்திரம். அதற்குக் காலப்பிரமாணம் கிடையாது, எந்தப் பூஜைக்கும் ஒரே ஓட்டம். விடியலில் பூபாளமும் பௌளியும், புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் மல்லாரியும், பள்ளியறைக்கு நீலாம்பரியும் கேட்ட தெருவில், ராகத்தின் பெயர் தெரியாத குழந்தைக்கும் எது எந்த வேளை என்று காது சொல்லிவிடும். அந்தப் பயிற்சியைச் சம்பளம் கொடுத்து யாரும் தரவில்லை, தெரு தந்தது. இயந்திரத்தை வாங்கியவர்கள் வித்வானின் சம்பளத்தை மிச்சம் பிடித்தார்கள். ஒரு தெருவுப் பிள்ளைகளின் காதைச் செலவு கணக்கில் அவர்கள் எழுதவில்லை.

நாகசுர மேளத்தில் சிறுவர்களுக்கென்றே இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று தாளம். இன்னொன்று ஒத்து. ஒத்து என்பது நாகசுரம் போலவே இருக்கும், விரல் துளைகள் இராது, ஆதார சட்ஜத்தை, அதாவது ‘ச’ சுரத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஊர்வலம் எத்தனை மணி நேரமானாலும் அந்த ஒற்றைச் சுரம் அறுபடக் கூடாது. அதனால் குருகுலத்தில் சேர்ந்த பையனுக்கு முதலில் வந்தாக வேண்டியது மூச்சு சுழற்றுதல். மூக்கால் இழுத்துக்கொண்டே கன்னத்தில் சேர்த்த காற்றை வாயால் தள்ளுவது. பல மாதங்கள் ஒத்து ஊதிய பையனுக்குச் சட்ஜம் எலும்பில் ஏறிவிடும். பக்கத்தில் குரு வாசிக்கும் ராகங்களெல்லாம் அந்தச் சட்ஜத்திலிருந்து எவ்வளவு தூரம் போய் வருகின்றன என்பதை இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டு நிற்பான். மின்சாரச் சுருதிப்பெட்டி வந்ததும் ஒத்துக்காரர் தேவையில்லாமல் போனார். சுருதிப்பெட்டி சுத்தமாக ஒலிக்கிறது, களைப்படையாது, கூலி கேட்காது, எல்லாம் உண்மை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் வந்து நிற்பதற்கு மேளத்தில் இருந்த இடத்தையும் அது எடுத்துக்கொண்டது. இந்த ஒரு மாற்றம் செய்த சேதம் போதிய அளவு பேசப்படவில்லை.

இன்னொரு காரணத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும், அது சாதி. நாகசுரமும் தவிலும் இசை வேளாளர், மருத்துவர் சமூகங்களின் கையிலேயே நெடுங்காலம் இருந்தன. கோயிலுக்குள் மங்கல வாத்தியம் என்று கொண்டாடியவர்களே, தெருவில் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிக்கச் சொன்னார்கள். சுயமரியாதை இயக்கம் இதை நேரடியாக எதிர்த்தது. ராஜரத்தினம் சட்டை போட்டு, கிராப்பு வைத்து, மேடையில் சரிசமமாக உட்கார்ந்து வாசித்ததை அவருடைய மிடுக்கு என்று மட்டும் பேசுகிறார்கள். அவருக்கு முந்தைய தலைமுறை நின்றுகொண்டு வாசித்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மிடுக்கின் எடை தெரியும். இன்றும் திருமண மண்டபத்தில் மேளக்காரர்களுக்குத் தரும் இடம் எது, அவர்களுக்கு எந்தப் பந்தியில் சாப்பாடு என்பதைக் கவனித்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். வகுப்பில் "பீப்பீ, டும்டும்" என்ற கேலி எந்தப் பிள்ளையை நோக்கிப் போகிறது என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

பறையிலும் இதே கொடுமை, இன்னும் கடுமையாக. சாவு வீட்டுக்கு அடிக்க வேண்டும் என்று ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட கருவி அது. இன்று பறையைத் தேடிப்போய்க் கற்கும் இளைஞர்கள், பெண்கள் உட்பட, எல்லாத் தரப்பிலிருந்தும் வருகிறார்கள். அந்த அலை நாகசுரத்துக்கு வரவில்லை. கருவி கடினம், மூச்சு அதிகம் கேட்கும், நான்கு வாரப் பட்டறையில் எதுவும் வாசிக்க வராது என்பவை காரணங்கள்தான். இருந்தாலும், இசை வேளாளர், மருத்துவர் அல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் இந்தக் கருவி முழுக்கக் கதவடைத்துவிடவில்லை. ஆந்திரத்துக் கரவதியில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா (1924–1999) அரங்கன் சன்னிதியில் வாசித்தார். பெண்களுக்குரிய கருவியில்லை என்றிருந்த காலத்தில் மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் அதைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார்.

பதின்ம வயதில் தொடங்க விரும்பும் பிள்ளை மூச்சு சுழற்றுதலை வீட்டிலேயே பழகலாம். கருவியே தேவையில்லை. முதல் கட்டத்தில் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு, கன்னத்தை அழுத்தி மெல்லிய தாரையாகத் துப்பிக்கொண்டே மூக்கால் மூச்சு இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க முடியும் என்று உடம்புக்குப் புரியவைக்கத்தான் இது. அடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் மெல்லிய உறிஞ்சுகுழல். குமிழி அறுபடாமல் வர வேண்டும். நுரையீரல் காலியாகும் வரை காத்திருக்காமல், பாதி இருக்கும்போதே கன்னத்தை உப்பவைத்து, அந்தக் காற்று வெளியேறும் நேரத்துக்குள் மூக்கால் வெடுக்கென்று ஒரு சிறு மூச்சு. நீளமாக இழுக்க முயன்றால் கன்னம் முதலில் காலியாகிக் குமிழி நின்றுவிடும். எல்லோரும் முதலில் தடுமாறுவது இங்கேதான். குழல் தடியாக இருந்தாலும் காற்று சீக்கிரம் தீரும், அதனால் மெல்லியதே நல்லது. தலை சுற்றினால் உடனே நிறுத்தி உட்கார வேண்டும். குமிழி தொடர்ச்சியாக வந்த பிறகு அதையே பூவரசப் பீப்பியில் செய்து பார்க்கலாம். மாறும் கணத்தில் சுருதி இறங்குவது காதுக்குக் கேட்கும். அந்த இறக்கம் மறையும் வரை பழகிய பிள்ளை, ஆசிரியர் முன்னால் பாதித் தயாராகவே போய் நிற்கும்.

பாட்டும் கூடவே வேண்டும். தொடக்கப் பயிற்சிகளான சரளி வரிசை, ஜண்டை வரிசையை வாயால் பாடத் தெரியாதவருக்கு நாகசுரத்தில் சுரம் பிடிபடாது. ஒரு துளையிலேயே உதட்டையும் மூச்சையும் மாற்றிப் பக்கத்துச் சுரத்தைக் கொண்டுவர முடிவது இந்தக் கருவியின் அழகு. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று காது சொல்லாவிட்டால் அதே அழகு ஆபத்தாகிவிடும்.

கற்கும் இடங்களும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் மூன்றாண்டுப் படிப்புகள். பன்னிரண்டு வயதிலிருந்து சேரலாம், பரம்பரை கேட்பதில்லை. சேரப்போகும்போது சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பழகுவதற்குக் கருவியைப் பள்ளியிலேயே தருவார்களா, வீட்டுக்கு எடுத்துப்போகலாமா, தொடக்கத்தில் எந்தச் சுருதிக் கருவி, சீவாளி யாரிடம் வாங்குவது. கருவியைச் சொந்தமாக வாங்குவதை முதல் ஆண்டில் தள்ளிப்போடலாம், உதடும் மூச்சும் நிலைத்த பிறகே எந்த நீளம் ஒத்துவரும் என்று ஆசிரியரால் சொல்ல முடியும். சீவாளியை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் வாய் வைத்ததை வாங்கி ஊதக் கூடாது. வாசித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் வைத்தால் வாய் விரியும். பல்லில் இடித்தால் ஓரம் உடையும்.

அடுக்குமாடி வீட்டில் பழகுவதுதான் உண்மையான சிக்கல். திறந்தவெளிக்கென்று பிறந்த கருவியை நான்கு சுவருக்குள் ஊதினால் அக்கம்பக்கத்தாருக்கும் தொல்லை, வாசிப்பவரின் காதுக்கும் கெடுதல். சுவர் எதிரொலியில் சொந்தப் பிசிறு தெரியாமலும் போய்விடும். வீட்டில் சீவாளியை மட்டும் தனியே ஊதி நீண்ட ஒற்றைச் சுரமும், நாக்கால் தட்டி ஒலிக்கும் துத்துக்காரமும் பழகலாம், முழுக் கருவியை ஆற்றங்கரைக்கோ ஏரிக்கரைக்கோ ஊர்ப் பொது மைதானத்துக்கோ எடுத்துப் போகலாம். விடியற்காலையில் காற்று குளிர்ந்திருப்பதால் சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கும், வெயில் ஏற ஏற உயரும். சுருதிப்பெட்டியைத் தொடக்கத்தில் ஒருமுறை வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடாமல், அரைமணிக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.